பன்னிரண்டு பேருக்குக் கையளவு

வெள்ளியங்கிரி அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சுட்டுவிரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்கிறார். நிற்கும் இடமோ நான்கு சுவருக்குள் அவருடைய சமையலறை. சன்னல் சாத்தியிருக்கிறது, மின்விசிறியும் இல்லை. இருந்தும் பார்க்கிறார். "இக்கட்டால இருந்துதானுங்க வருது" என்று தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொண்டு, அரை வட்டம் சுற்றி வந்து நின்று தீக்குச்சியைக் கிழிக்கிறார். லைட்டர் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அது அவர் மனைவி சௌந்திரம் பயன்படுத்துவதற்கு.

இருபது வருடம் ரிக் வண்டியில் சமைத்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை லாரிமேல் ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுவார்கள். குழாய்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி கூடவே போகும். அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா குண்டாக்களோடு சமையல்காரரும் அந்த இரண்டாவது லாரியில்தான். சோளக்கொல்லை ஓரத்தில் லாரிச் சக்கரத்தைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆட்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவர் வெள்ளியங்கிரி. ஊருக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. மகள் கிருத்திகா பிறந்த செய்தியை ஜெய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டில் குழம்பைக் கிளறிக்கொண்டே போனில் கேட்டார். "சந்தோசத்துல அன்னிக்கு ரெண்டு வாட்டி உப்புப் போட்டுட்டேனுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்படியே தின்னுட்டாங்க" என்கிறார்.

இப்போது ஐந்து வருடமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார். வேலை, வலைப்பூ எழுதுவது.

ஊரடங்கில் வண்டிகளெல்லாம் நின்றபோது ஆரம்பித்தது இது. வடக்கே மாட்டிக்கொண்ட மற்ற ரிக்குகளின் சமையல்காரர்கள் தினமும் போன் போட்டு, "அண்ணா, பருப்பு எத்தனை, புளி எத்தனை" என்று கேட்பார்கள். ஒரே பதிலை ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தொண்டை வற்றிப்போன அப்பாவைப் பார்த்து, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கிருத்திகா, "ஒருக்கா எழுதிப் போட்டுட்டா லிங்க் அனுப்பிக்கலாம்ப்பா" என்றாள். அப்படிப் பிறந்தது 'பன்னிரண்டு பேர் சமையல்'. பெயரில் விளம்பரத் தந்திரம் ஏதும் இல்லை. அவருக்குப் பன்னிரண்டுக்குக் கீழே கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்தக் குறிப்பும் மூன்று கிலோ அரிசியில்தான் தொடங்கும். அதுவே அவருக்கு வாசகர்களைக் கொண்டுவந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் ஆட்களுக்குச் சமைப்பவர்கள், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், மஸ்கட்டில் ஒரே அறையில் அடைந்து கிடக்கும் நம் பையன்கள் என்று வந்து சேர்ந்தார்கள். மூன்று பேருக்கு ரவா கேசரி சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாலு கிலோ கத்திரிக்காயை எதில் போட்டு எப்படிக் கிளறுவது என்று இவர்தான் சொல்லுகிறார்.

எழுத்து நடையும் அவருடைய நடைதான். "மொதல்ல காத்து பாருங்க சாமி" என்றுதான் ஒவ்வொரு குறிப்பும் ஆரம்பிக்கும். "டீசல் கையோட வாரவன உப்பு டப்பாகிட்ட உடாதீங்க" என்று நடுவில் ஒரு எச்சரிக்கை வரும். கல்லூரிக்குப் போன புதிதில் கிருத்திகா அதையெல்லாம் நல்ல தமிழில் திருத்திப் போட்டுப் பார்த்தாள். வாசகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பழைய ஆளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பக்கத்தில் வரும் விளம்பரங்களுக்கான பணம் சௌந்திரத்தின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதல் தடவை வந்தபோது சௌந்திரம் நம்பவில்லை. "நம்ம ஊட்டுக் கொழம்புக்கு அமெரிக்காக்காரன் எதுக்குங்க காசு குடுக்கோணும்? எதுக்கும் செலவு பண்ணாம வைங்க, திருப்பிக் கேட்டுருவான்" என்று மூன்று மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்தாராம். எதிர்வீட்டு ராசம்மாளுக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை. வேலைக்குப் போகாத ஆம்பிளை என்றால் அவர் அகராதியில் ஒரே பொருள்தான். காலையில் வாசலில் வெள்ளியங்கிரியைப் பார்த்தால், "ஏனுங் தம்பி, இன்னிக்கும் லீவுங்களா?" என்பார். ஐந்து வருடமாகக் கேட்கிறார். "ஆமாங்கம்மா" என்று இவரும் ஐந்து வருடமாகச் சொல்லுகிறார்.

நான் அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். இந்தச் சித்திரத்தை எழுத எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான். படம் எடுத்துப் போடுவதற்காக அவர் உண்மையிலேயே பன்னிரண்டு பேருக்குச் சமைக்கிறார். வீட்டில் இருப்பது மூன்று பேர். மிச்சம் எங்கே போகும்? என் சட்டைப் பொத்தான்களைக் கேளுங்கள், சொல்லும். குறைத்துச் சமைக்கக் கூடாதா என்று ஒருநாள் ஒப்புக்குக் கேட்டு வைத்தேன். "சின்னக் குண்டாவப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

இத்தனை சமைக்கிற மனிதர் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். ரிக்கில் எல்லோரும் சாப்பிட்டபிறகு, வண்டியைக் கிளப்பிவிடுவார்களோ என்று ஒரு கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுப் பழகியவர். வீட்டிலும் அப்படியே. சமையலறை நிலையில் சாய்ந்து, தட்டை இடது கையில் ஏந்தி, தெருவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். சௌந்திரம் விசைத்தறிக்குப் போய் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். அவருக்கு இது ஆகாது. "ஊட்டுக்காரராட்ட உக்காந்து சாப்புடுங்க. ஒறம்பரை வந்த விருந்தாளியாட்ட நிக்கறீங்க" என்பார். இவர் "ஆச்சு, ஆச்சு" என்பார். உட்காரமாட்டார்.

அவர் குறிப்புகளிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு ரசம். தலைப்பு, 'தண்ணி வராத நாளுக்கு'. எண்ணூறு அடி, ஆயிரம் அடி போட்டும் வெறும் புகைமண் பறக்கிற நாள் ஒன்று உண்டு. கிணறு போடச் சொன்ன காட்டுக்காரர் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவார். ஆட்களுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மிளகைக் கூட்டி, பூண்டைத் தட்டிப் போட்டு இந்த ரசம் வைக்க வேண்டும் என்கிறார். கடைசி வரி இது: "அன்னிக்கு மட்டும் பதிமூணு பேருக்கு வைங்க. காட்டுக்காரருக்கு மொதல்ல குடுங்க." பரீட்சையில் தோற்றவர்கள், கடையை மூடியவர்கள் எல்லாம் அதன் கீழே வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வரும். ரசமும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி சென்ற வருடம் திணற ஆரம்பித்தது. மக்கள் படிப்பதை விட்டுவிட்டு வீடியோ பார்க்கப் போய்விட்டார்கள். இவரும் ஒருநாள் கேமரா முன்னால் நின்று பார்த்தார். ரேஷன் கார்டு போட்டோவில் இருப்பதுபோல விறைத்துப்போய், வெங்காயத்தை நறுக்காமல் முறைத்துக்கொண்டிருந்தார். அதோடு அந்த யோசனை முடிந்தது. பணம் மாதாமாதம் தேய்ந்தது. ரிக் முதலாளி மோகன்குமார் போன் செய்தார். "ஆவணி பொறந்ததும் வண்டி கெளம்புதுங்ணா. உங்க எடம் காலியாத்தான் இருக்குது. வந்துருங்க." மகளுக்குக் கல்லூரிக் கடைசி வருடம். தறிக்கூலி மட்டும் போதாது. ஆடி முடிவதற்குள் வலைப்பூ நிமிர்ந்தால் வெள்ளியங்கிரி வீட்டில் இருப்பார். இல்லையென்றால் பழையபடி வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிற மனிதராகிவிடுவார். வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருநாள் கிருத்திகா என் மனைவியிடம், "சின்னதுல அப்பா வந்தா எனக்கு அடையாளம் தெரியாதுங்க்கா. அழுவேனாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து ஒரு மசாலாக் கம்பெனியின் ஆள் வந்தார். சிவபிரகாஷ் என்று பெயர். மாதாமாதம் நிலையான பணம் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, குறிப்புகள் எல்லாம் நான்கு பேருக்கு இருக்க வேண்டும். "இன்னிக்கி ஊட்டுக்கு நாலு பேர்தானுங்களே சார் இருக்காங்க" என்றார். நியாயமான பேச்சுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரிக்குச் சமைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு.

கிருத்திகா எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக் கிண்ணங்களில் வைத்துவிட்டாள். சௌந்திரம் பக்கத்து வீட்டிலிருந்து சின்னச் சட்டி இரவல் வாங்கி வந்தார். பக்கத்து வீடு என்றால் நாங்கள்தான்; சட்டியோடு நானும் வந்துவிட்டேன். வெள்ளியங்கிரி காற்று பார்த்தார். தாளித்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சிவபிரகாஷ் போனில் படம் பிடித்துக்கொண்டே, "ரிக்குல இருந்தப்ப ஊட்ட நெனச்சுக்குவீங்களா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டார். வெள்ளியங்கிரி மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போய், இருபது வருடம் அள்ளிய அளவை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டது.

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "போச்சுங்க" என்றார். கிருத்திகாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அப்போது அவர் ஓரமாக இருந்த பெரிய குண்டாவின் மூடியைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு பேருக்கான தட்டைப்பயறு வெந்து தயாராக இருந்தது. மகளுக்குத் தெரியாமல் விடியற்காலையிலேயே வேகவைத்திருக்கிறார். "எதுக்கும் இருக்கட்டுமுன்னு வெச்சனுங்க" என்று குற்றவாளிபோல முனகினார். சின்னச் சட்டியை அப்படியே அதற்குள் கவிழ்த்தார். இன்னும் கத்திரிக்காய், இன்னும் புளி, ஒரு முழுத் தேங்காய். அரைமணி நேரத்தில் எங்கள் தெரு முழுக்க மணத்தது. சிவபிரகாஷ் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ராசம்மாளும் கிண்ணத்தோடு வந்து, லீவு பற்றி ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போனார். கை கழுவும்போது சிவபிரகாஷ், "ருசிக்குக் கொறையே சொல்ல முடியாதுங்க. மேல பேசிட்டுச் சொல்றேனுங்க" என்றார். அந்த மேலே இருப்பவர்கள் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை வெள்ளியங்கிரி நடந்ததை நடந்தபடியே எழுதிப் போட்டார். கம்பெனி பெயரை மட்டும் விட்டுவிட்டார். தலைப்பு, 'உப்பு கூடிப்போச்சுங்களா? ஆளக் கூட்டுங்க'. ரிக்குக்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் புறப்பட்டு, கல்யாணச் சமையல்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள் என்று கை மாறி மாறி அது எங்கெங்கோ போயிற்று. வந்தவர்கள் பழைய குறிப்புகளையும் தேடிப் படித்தார்கள். மாதக் கடைசியில் வந்த பணம், ரிக்கில் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் பாதிக்கு நின்றது.

பாதிதான். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது? வெள்ளியங்கிரி பையை எடுத்துத் தூசி தட்டி வாசல் பக்கம் வைத்தார். சௌந்திரம் அந்தப் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் என் காதிலும் விழும்படியாகவே சொன்னார்: "பாதிக் காசு வரட்டும். முழு ஆளு ஊட்டுல இருக்கட்டும். மிச்சத்த நாம் பாத்துக்கறனுங்க."

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு காலையில் ரிக் லாரி தெருமுனையில் வந்து நின்று ஆரன் அடித்தது. வெள்ளியங்கிரி பையோடு வெளியே வந்தார். கிளம்பிவிட்டாரே என்று பதறிப்போனேன். சாப்பாட்டை நினைத்து அல்ல, சத்தியமாக. பின்னாலேயே போனேன். இரண்டாவது லாரியில் கெங்கவல்லிக்காரர் ஒருவர், அருணகிரி என்று பெயர், சமையல் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெள்ளியங்கிரி வராவிட்டால் இருக்கட்டும் என்று முதலாளி முன்னெச்சரிக்கையாகக் கூட்டி வந்திருந்தவர். அவரிடம் பையை நீட்டினார். உள்ளே துணி இல்லை. வறுத்து அரைத்த பொடி டப்பாக்களும் ஒரு நீளக் கரண்டியும் இருந்தன. "மொதல்ல காத்து பாருங்க சாமி" என்றார். அருணகிரி, "தெரியும்ணே. உங்களத்தான் படிக்கிறேன்" என்று போனைத் தூக்கிக் காட்டினார்.

மோகன்குமார் முன் லாரியிலிருந்து தலையை நீட்டினார். "அடுத்த நடைக்காச்சு வாரீங்களாங்ணா?"

"இல்லீங் தம்பி" என்றார் வெள்ளியங்கிரி. "எங்கூட்டுல மூணு பேருங்க."

வண்டிகள் சங்ககிரி ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குள் போனார். நானும் போனேன். அரிசிம்பருப்புச் சோறு கொதித்த மணம் அழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சௌந்திரமும் கிருத்திகாவும் கூடத்தில் தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளியங்கிரி எனக்கு ஒரு பாத்திரம் நிறைய அள்ளிக் கொடுத்தார். தனக்கும் போட்டுக்கொண்டார். வழக்கம்போல நிலையில் சாய்ந்து, தட்டை இடது கையில் ஏந்தித் தெருவைப் பார்த்தார். தெருவில் ராசம்மாளின் கோழியைத் தவிர ஒன்றும் இல்லை.

சௌந்திரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். வெள்ளியங்கிரி தட்டை இறக்கித் தரையில் வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.