இறங்குற படி கடைக்குள்ள

இன்னைக்கு ஒத்தக்கடை பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர் போன்ல சத்தமா ஒரு பேச்சு கேட்டுக்கிட்டு வந்தார். சுற்றுலா வளர்ந்தா வியாபாரமும் வேலையும் எப்படி வளரும்னு.

எண்பதுகள்ல எனக்கு வேலை கொடுத்ததே ஒரு மாடிப்படிதான்.

கோயில் பக்கத்துல காசிம் பாயோட கைவினைக் கடை. "கோபுரம் பாக்கலாம், இலவசம்"னு வெள்ளைக்காரங்கள மொட்டமாடிக்கு ஏத்தி விடுறது என் வேலை. ஏறுற படி தெருவுல இருக்கும். இறங்குற படி மட்டும் கடைக்குள்ள போய் முடியும்.

ஒருநாள் சுற்றுலா அதிகாரி வந்துட்டார். "பயணிகள ஏமாத்துறீங்களாம். இனிமே மாடிக்கு யாரையும் ஏத்தக் கூடாது."

என் வேலை போச்சுன்னு நினைச்சேன்.

பாய் அசரல. "நீங்களே ஒருக்கா ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

ஏறினார். கோபுரங்கள ஒவ்வொண்ணா சுத்திச் சுத்திப் பாத்தார். அப்புறம் இறங்கினார்.

வெளிய வரும்போது கக்கத்துல ஒரு பித்தளை விளக்கு, கையில சம்சாரத்துக்கு ஒரு சுங்குடிச் சேலை.

"இதத் தடுக்கத்தான் வேணும் பாய்"னார். "அடுத்த வாரம் எங்க மேலதிகாரி வாரார். அவரும் ஏறிப் பாக்கட்டும்."

மேலதிகாரி ரெண்டு சேலை எடுத்தார். என் வேலை நிலைச்சுச்சு.

பஸ்ஸுல கேட்ட பேச்சுல கடைசி வரைக்கும் படியப் பத்தி ஒரு வார்த்தை வரல. உங்க ஊர்ல இறங்குற படி எங்க போய் முடியுது?