வலிக்காத பக்கம்

“மிஸ், தலைய வேணும்னாலும் கழட்டித் தாறேன். மூக்குத்தியக் கழட்ட மாட்டேன்!”

பதுளையில் நான் வேலை செய்யும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் செல்வராணி அக்கா எனக்கு இப்படித்தான் அறிமுகமானார். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பல மாதமாகத் தலைவலி. மூக்கின் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி... கல்யாணத்தன்று போட்டது, பிறகு கழற்றவே இல்லை.

ஸ்கேனுக்கு முன் நான் கேட்கும் பட்டியல் நீளமானது. காப்பு, தோடு, ஊக்கு, எலும்புக்கு வைத்த கம்பி... முகத்தருகே உலோகம் இருந்தால் படம் கெட்டுவிடும். விளக்கினேன். கணவர் முருகையா அண்ணன் சிரித்தார்.

“கழட்டு புள்ள. நான்தான் உசுரோட நிக்கிறேனே!”

“சும்மா இருங்க. ஒங்களுக்குக் கழட்ட என்னா இருக்கு, பல்லு செட்டத் தவிர?”

தேங்காயெண்ணெய் தடவி இடது பக்கத்தைத் திருகினேன். “ஆத்தாடி!” என்று கத்தினார். வலது பக்கம் இன்னும் இறுகியிருந்தது. திருகினேன், இழுத்தேன், லேசாக இரத்தமே வந்துவிட்டது. அக்காவோ கணவரைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

என் கை நின்றது.

“அக்கா, வலிக்கலையா?”

“அந்தப் பக்கம் மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு மிஸ். சோறு கன்னத்துலயே கெடக்கும், தெரியாது. மெல்லவும் பலமில்ல.”

“டொக்டர்ட்ட சொன்னீங்களா?”

“எங்க வலிக்குதுன்னுதான கேட்டாரு? வலிக்காத எடத்த எப்படிச் சொல்றது?”

நாம் எல்லோரும் இப்படித்தானே? வலித்தால் ஊரைக் கூட்டுவோம். வலி இல்லாமல் போனால் மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

கதிரியக்க மருத்துவரிடம் சொன்னேன். முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு புறப்படும் இடத்தை மெல்லிய அடுக்குகளாக, மருந்தேற்றி எடுக்கச் சொன்னார். திரையில் தெரிந்தது — வலப்பக்க முக்கிளை நரம்பின் மேல், வெள்ளையாக ஒரு கட்டி.

அந்த நரம்பை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். மூளையிலிருந்து கிளம்பும்போது சணல் நூல் அளவுதான் இருக்கும். பிறகு மூன்றாகப் பிரிந்து பாதி முகத்தையே ஆள்கிறது. கண்ணில் விழும் தூசி, பல்லின் கூச்சம், கன்னத்தில் படும் குளிர்காற்று, மெல்லும் பலம்... எல்லாம் அந்த ஒரு நூலில்!

இந்த வகைக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும் என்றார் மருத்துவர். சிறிதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், அல்லது குறிபார்த்துக் கதிர் பாய்ச்சலாம். அக்காவுடையது மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் என்று முடிவானது.

போகுமுன் அவர் கேட்டது ஒன்றுதான். “எம் மூஞ்சி எனக்குத் திரும்பக் கெடைக்குமா மிஸ்?”

“அதக் கொழும்பு டொக்டர்ட்டயே கேளுங்க அக்கா” என்றேன். கொழும்பு சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியை எடுப்பதைப் பற்றித்தான் நம்பிக்கையாகப் பேசினாராம். உணர்ச்சிக்கு உத்தரவாதம் தரவில்லை.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. ஆனால் கன்னம் மரக்கட்டையாகவே இருந்தது. தூசி பட்டாலும் தெரியாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கண்ணாடியும். மாதங்கள் போயின. தொலைபேசியில் அண்ணன் சொல்வது ஒரே செய்திதான்: “அப்பிடியேதான் மிஸ்.”

போன கிழமை மறுபரிசோதனை ஸ்கேனுக்கு வந்தார்கள். கட்டி திரும்ப வளரவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

“நேத்து சம்பல்ல கொச்சிக்காயக் கடிச்சிட்டா மிஸ். வலது பக்கம் எரியுது, எரியுதுன்னு லயத்து வீடெல்லாம் கேக்க ஒரே சத்தம்!”

“தண்ணி குடுத்தீங்களா?”

“குடுத்தேனே... தட்டி விட்டுட்டா. கொஞ்ச நேரம் எரியட்டுமாம்!”