சாரலுக்கு வந்தவர்கள்

“தம்பி எப்பம்மா ஊருக்குப் போவான்?”

என் மகள் இதை முதல்முறை கேட்டபோது நான் இஸ்திரிப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. தம்பி கைக்குழந்தை. அதன் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இன்றுவரை என்னிடம் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் இருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

எங்கள் வீடு தென்காசியில். இங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம். ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் போன் வர ஆரம்பித்துவிடும். “தண்ணி நல்லா விழுதா?” என்று கேட்டால் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இல்லை என்று சொல்லிப் பயனில்லை, டிவியில் காட்டிவிடுகிறார்கள். சொந்தக்காரர் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்கினால் நன்றாக இருக்காது என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைக்கிறோம். ஒரு குடும்பம் பை கட்டும்போதே அடுத்த குடும்பத்தின் கார் தெருமுனையில் திரும்பும்.

வருகிறவர்கள் நல்லவர்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிவந்து தருவார்கள். குழந்தையைக் கொஞ்சுவார்கள். ஆனால் ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஈரத்துண்டு உண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு பனியன் உண்டு. அவற்றுக்கு நடுவில்தான் என் மகனின் துணிகளும் காய வேண்டும். சாரல் நாளில் எதுவும் காயாது. ஹாலில் கொடி, படுக்கையறையில் கொடி, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி முதுகெல்லாம் துணி. மாவு புளிக்காது. குழந்தைக்குச் சாம்பிராணி போட்டால் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றும். “ஒங்களுக்கென்ன, குற்றாலத்தைப் பக்கத்துல வச்சிருக்கீங்க” என்று யாராவது சொல்லும்போது நான் சிரித்துவைப்பேன். மகள் பிறந்ததிலிருந்து நான் அருவிப் பக்கம் போனதில்லை.

மகன் பிறந்தது வீரகேரளம்புதூரில் என் அம்மா வீட்டில் இருந்தபோது. இரண்டாவதும் ஆபரேஷன். எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். ஓடிப்போய் மேலே விழும் வயதில் இருந்த மகளை என்ன செய்வது என்று எல்லோரும் கூடிப் பேசினோம். அவள் தென்காசியிலேயே அப்பாவோடும் அத்தையோடும் இருக்கட்டும் என்று முடிவானது. அத்தை என்பது என் கணவரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். நான் கிளம்பும்போது மகள் காலைக் கட்டிக்கொண்டாள். “அம்மா நாளைக்கு வந்திருவேன்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தானே சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிவருவார்கள். மாலையில் அவள் தூங்கிய பிறகு தூக்கிக்கொண்டு போவார்கள்.

பிள்ளையோடு நான் தென்காசிக்குத் திரும்பியது சாரல் தொடங்கிய வாரம். அன்று காலையில்தான் என் கணவரின் சின்ன மாமா குடும்பம் மதுரையிலிருந்து வந்து இறங்கியிருந்தது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மகள், அவர்களிடம் சொன்னது போலவே எங்கள் காரைப் பார்த்தும் “வாங்க, வாங்க” என்றாள்.

“ஏட்டி, பெத்த அம்மையவே வாங்கங்குதா பாரேன்” என்றார் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அடுப்பில் பால். தொட்டிலில் அழுகை. குளியலறைக்குள்ளிருந்து மாமா வெந்நீர் கேட்கிறார். நான் ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் என் நைட்டியைப் பிடித்து இழுத்து இழுத்துக் கேட்டாள். “சாரல் முடிஞ்சதும் போவான்” என்றேன்.

அவள் உடனே விட்டுவிட்டாள். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். தன் தலையணையைக் கொண்டுவந்து தம்பி பக்கத்தில் வைத்தாள். படுக்கையில் எனக்கு அடுத்த இடத்தைக் கேட்காமல் சுவரோரம் போய்ப் படுத்தாள். நான் பால் கொடுக்கும்போது மடியில் ஏறுவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டால், “தம்பி வந்திருக்கான்லா” என்பாள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். வந்தவர்களும் மெச்சினார்கள். “இந்தப் பிள்ளைக்குப் பொறாமையே கெடையாது. எங்க வீட்டுல மூத்தது சின்னது மூக்கக் கடிச்சு வச்சிட்டு” என்றார் மாமாவின் மனைவி. எனக்குப் பெருமையாக இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தும் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று எந்நேரமும் எனக்குள் கேட்கும் குரல் சில நாள் அடங்கிக் கிடந்தது.

விருந்தாளிகள் கிளம்பும்போது எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. மதினி ஆளுக்கொரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுப்பார். மகள் அவர்களுடைய செருப்புகளைத் தேடிப்பிடித்து, வாசலில் தெருவைப் பார்த்து ஜோடியாக வைப்பாள். மதினி சொல்லிக்கொடுத்தது. பிறகு, “அடுத்த சாரலுக்கு வாங்க” என்பாள். சிலர் அவள் கன்னத்தைத் தொட்டுக் கண்கலங்கியிருக்கிறார்கள்.

ஆவணியில் வெயில் வந்தது. நல்ல வெயில். கடைசியாக வந்தவர்களும் காலையில் கிளம்பிப் போனார்கள். வீட்டிலிருந்த துணி அத்தனையையும் மொட்டைமாடியில் போட்டேன். உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. சூடான துணிகளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா நின்றேன். யாருக்கும் எதுவும் வேண்டாத ஐந்து நிமிஷம் கிடைத்தால் என்ன செய்வது என்றே எனக்கு மறந்துபோயிருந்தது.

துணியோடு கீழே இறங்கி வந்தால், ஹால் நடுவில் என்னுடைய நீலநிறப் பை. அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது. ஜிப் பாதி மூடியிருந்தது. மகள் அதன்மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். வாசலில், தெருவைப் பார்த்தபடி, தம்பியின் காலுறைகள் ஜோடியாக இருந்தன.

மதினிதான் முதலில் கேட்டார். “யாருக்குட்டி பை கட்டுத?”

“தம்பிக்கு. சாரல் முடிஞ்சிட்டுல்லா.”

மதினி சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். அவன் சட்டைகள், பவுடர் டப்பா, கிலுகிலுப்பை, பாதி காலியான சிப்ஸ் பொட்டலம். அடியில் என் நைட்டி ஒன்று, என் சீப்பு, போன் சார்ஜர்.

“இது அம்மா துணில்லா. இது எதுக்கு?”

“அம்மா அவங்கூடதான வந்தா.”

அப்போதுதான் கவனித்தேன். காலுறைகளுக்குப் பக்கத்தில் என் செருப்பும் இருந்தது.

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்வது போலச் சொன்னாள். மதினி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் துணிகளைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கினேன்.

“அம்மா எங்கயும் போகலட்டி. தம்பியும் இங்கனதான் இருப்பான்.”

“சாரல் முடிஞ்சா போவான்னு நீதான சொன்ன?”

அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால், இத்தனை நாள் அவள் விட்டுக்கொடுத்த தலையணை, மடி, இடம் எல்லாம் இனித் திரும்பாது என்றும் சொன்னதாகிவிடும். “சாரல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு” என்றேன்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஜன்னலில் ஏறி மலையைப் பார்க்கிறாள். மேகம் இருந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறாள். வெயில் அடித்தால் என் பக்கம் திரும்புகிறாள்.

என் கணவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறார். அன்று மாலையில் சட்டை முழுக்க எலுமிச்சை வாசத்தோடு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஐப்பசி மழை வருதுல்லா, அதுவரைக்கும் ஓட்டிரலாம்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு அவரே, “மூணு வயசுப் பிள்ள, மறந்திருவா” என்றார். மதினி, “மறந்தா பைய ஏன் கட்டுதா?” என்றார். என் கணவர் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

பையை நான் பிரித்து அடுக்கினால் மறுநாள் மறுபடி கட்டியிருக்கிறாள். சில நாள் தம்பியின் துணி மட்டும் இருக்கிறது. சில நாள் என்னுடையதும். இந்த இரண்டு விதமான நாட்களிலும் நான் என்ன வித்தியாசமாக நடந்துகொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. திட்டிய நாளில் என் துணி இல்லாமலிருந்தது. சேர்ந்து குளித்த நாளில் இருந்தது. என்னை அனுப்பப் பார்க்கிறாளா, அல்லது நான் எப்படியும் போகிறவள்தான் என்று தயாராக இருக்கிறாளா? இரண்டில் எதுவாக இருந்தால் பரவாயில்லை என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எதுவும் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

போனில் படிக்கிற கட்டுரைகள் எல்லாம் குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்கின்றன. சொல்லலாம். ஆனால் ‘நாளைக்கு வந்திருவேன்’ என்று சொன்னதும் இந்த வாய்தான், ‘சாரல் முடிஞ்சதும் போவான்’ என்று சொன்னதும் இந்த வாய்தான். இனி ‘எங்கேயும் போகமாட்டேன்’ என்று இதே வாய் எத்தனை தடவை சொன்னாலும் அவள் ஏன் நம்ப வேண்டும்?

இதைப் படிக்கிறவர்களில், கையில் ஒன்றும் காலைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். முதல் பிள்ளையை விட்டுவிட்டுப் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியவர்களும் இருப்பீர்கள். நான் விருந்தாளி இல்லை, இந்த வீட்டுக்காரி, உன் அம்மா என்பதை, வார்த்தையில்லாமல் ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? தம்பி போகமாட்டான் என்பதை முதலில் சொல்வதா, நான் போகமாட்டேன் என்பதை முதலில் சொல்வதா? அந்த நீலப் பையை அவள் கண்ணில் படாமல் பரணில் போட்டுவிடலாமா, அல்லது அவளையே கூட உட்காரவைத்து ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்து வைக்கச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்று காலையிலும் வெயில்தான்.