திட்டு வாங்க வந்த பெண்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிஐடி. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய அப்பாவுக்கு வேலை போனது, யார் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறாள் என்று துருவித் துருவிக் கேட்டுவிடுவார். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியது. சிரித்துக்கொண்டார்.

அவருடைய அப்பாவுக்கு அடிக்கடி ஊர் மாற்றலாகும். சேர்ந்த பள்ளிக்கூடத்திலெல்லாம் அவர் வருஷம் முடிகிறவரை ‘புதுப்பொண்ணு’தான். கரும்பலகை மங்கலாகத் தெரிந்து, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியே ஒரு வகுப்பை ஓட்டினார். ஏனென்று எந்த டீச்சரும் கேட்கவில்லை. தானே டீச்சரானதும் கேட்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது மைனஸைத் தொலைத்துவிடுவாள். டீச்சர் திட்டுவார். அவள் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். ஒருநாள் பள்ளி வேன் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. அவளுடைய அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று தெரியவில்லை. சமையலும் தங்கையைக் கிளப்பி அனுப்புவதும் இவள் தலையில்.

மறுநாளிலிருந்து டீச்சர் அவளிடம் வீட்டுக்கணக்கு கேட்பதை நிறுத்தினார். தப்பாகப் போட்டால், “பரவால்லம்மா, உக்காரு” என்றார். பரீட்சைத் தாளில் தொலைந்துபோன மைனஸ்களைக் கண்டும் காணாமல் மார்க் போட்டார்.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டாள். மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

“உங்களுக்கு யாரோ சொல்லிட்டாங்க, இல்லையா டீச்சர்?”

அவளுடைய சிரமத்தைக் குறைக்கத்தான் அப்படிச் செய்ததாக டீச்சர் ஏதோ சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எங்க தெருவுல எல்லாரும் என்னைப் பாவம்னுதான் பாக்கறாங்க. கடையில வரிசையில நின்னாக்கூட எனக்கு முதல்ல குடுத்து அனுப்பிடறாங்க. உங்க கிளாஸ்ல மட்டுந்தான் நான் கணக்குல வீக்கான பொண்ணு. இப்ப அதுவும் இல்ல.”

டீச்சருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அவளைப் பற்றி வேன் டிரைவரிடம் விசாரித்தவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

“நான் என்ன செய்யணும், நீயே சொல்லு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “திட்டுங்க. வீட்டுக்கணக்க மட்டும் மதியம் இங்க உக்காந்து போட்டுக்கறேன். வீட்டுல நேரம் இல்ல.”

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே மார்க்கைக் குறைத்தார். பாஸ், ஃபெயிலாகிவிட்டது. அவள் முகம் சுண்டத்தான் செய்தது. ஆனாலும் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

மதியவேளையில் மேஜையின் ஒரு முனை அவளுக்கென்று ஆனது. இவர் சாப்பிடுவார், அவள் கணக்குப் போடுவாள். வீட்டைப் பற்றி அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். பெரும்பாலும் சொல்லமாட்டாள்.

வருஷக் கடைசியில், அந்தப் பெண்ணின் வீட்டில் ஏதோ பிரச்சினையாமே என்று அறிவியல் டீச்சர் வாயைக் கிண்டினார்.

“அல்ஜிப்ராதான் அவளுக்குப் பிரச்சினை” என்றார் இவர். “இப்ப தேறிட்டு வரா.”