வாய்க்கால் கரையில் ஒரு யாழ்ப்பாண வேலி

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடிவந்த வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் ரங்கராஜன் தும்மினால், இந்தப் பக்கம் என் மனைவி யோகம் கறிச்சட்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் வீடு என்பது வளவின் நடுவில், அதாவது சொந்த மனையின் நடுவில், தனியாக நிற்கும், சுற்றிவர வேலி. பூவரசங் கம்புகளை வரிசையாக நட்டு, அவற்றில் கிடுகு கட்டுவோம். கம்பைக் கதியால் என்போம். கிடுகு என்பது இங்கே சொல்லும் தென்னங்கீற்று. ஒரு கதியால் அரை அடி நகர்ந்துவிட்டது என்று என் ஐயாவும் சித்தப்பாவும் பல வருடம் பேசாமல் இருந்தார்கள். வேலி அடைக்கும் நாளில் மட்டும் இருவரும் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்த பனைமரத்தைப் பார்த்துத் திட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவனை நம்பி மரக்கன்றுகளை ஒப்படைத்ததுதான் தெருக்காரர்கள் செய்த தவறு.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கப்பலேறியவர்கள் நாங்கள். தெருவில் எனக்குப் பெயர் 'சிலோன் சார்'. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ரங்கராஜன், தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் குப்பை கொட்டுவதைத் தடுக்க ஒரு சங்கம் வைத்திருந்தார். கரையில் மரம் நின்றால் யாருக்கும் குப்பை கொட்டக் கை வராது என்பது அவர் எண்ணம். மூன்று முறை வேப்பங்கன்று நட்டார்கள். மூன்று முறையும் ஆடுகள் விருந்து சாப்பிட்டன.

"பெருமாள் சித்தம் இருந்தா நாலாவது தடவை பிழைக்கும் ஓய்," என்றார் ரங்கராஜன்.

"பெருமாளுக்கு ஏன் வீண் கரைச்சல்? ஒரு வேலி போடுவம்," என்றேன். பேஷாகப் போடும் என்று சொல்லிவிட்டு அவர் மெட்ராஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கன்றுக்கு நாலு முள் வைத்துக் கட்டுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு வேலி என்றால் வேலி.

ஐப்பசி மழைக்கு முன் நானும் யோகமும் கரையில் இறங்கினோம். வெட்டிப் போட்டிருந்த பூவரசங் கிளைகளைக் கதியாலாக நறுக்கி, கயிறு பிடித்து நேர்பார்த்து நட்டு, ஆளுயரத்துக்குக் கீற்றுக் கட்டினோம். உள்ளே நாலாவது தடவையாக வேப்பங்கன்றுகளை வைத்தோம். உள்ளே போய்வரக் கதவு மாதிரி ஒரு படலையும் வைத்தேன். ஊர்ப்பழக்கத்தில் அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். நாடு விட்டு வந்தபிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மளிகைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கமுக்கமா முடிச்சுட்டீங்களே சார்! பட்டா வாங்கிட்டீங்களா? பக்கத்துல எனக்கும் ரெண்டு கெஜம் ஒதுக்குங்க." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். சுற்றுச்சூழலில் தெருக்காரர்களுக்கு அவ்வளவு ஆர்வத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பால்காரர் மாணிக்கம் மட்டும் கோபமாக வந்தார்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து என் எருமைங்க இறங்குற எடம் சார் இது. பொழைக்க வந்த எடத்துல வாய்க்காலையே வளைச்சுப் போட்டா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு, நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்றோடு யோகத்துக்குத் தூக்கம் போயிற்று. "பொலிசில பதிஞ்சு இருக்கிற ஆக்கள் நாங்கள். வழக்கு எண்டு வந்து இங்கயிருந்தும் போகச் சொன்னா எங்க போறது?" என்றாள். எனக்கும் அதே பயம்தான். வேலியைப் பிரித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீம்புக்கு விட்டுவைத்தேன்.

மனு நகர்ந்து சர்வேயர் வந்து சேர்வதற்குள் கார்த்திகையும் கழிந்துவிட்டது. ஊர் திரும்பியிருந்த ரங்கராஜன் குடையோடு என் பக்கத்தில் நின்றார். எருமைகளோடு மாணிக்கமும் வந்திருந்தார். யோகம் சற்றுத் தள்ளி நின்றாள்.

"இது யார் எடம்?" என்றார் சர்வேயர்.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றேன்.

"அப்புறம் வேலி யாருக்கு?"

"ஆட்டுக்கு."

"ஆடு உள்ளேயா இருக்கு?"

"இல்லை, வெளியில."

சர்வேயர் ரங்கராஜனைப் பார்த்தார். "எங்களுக்காகத்தான் பண்ணினார். பூட்டு மட்டும் கொஞ்சம் அதிகப்படி," என்றார் அவர்.

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு பாக்கியில்லாம பிடுங்கணும். இல்லேன்னா போலீசுக்கு எழுதிடுவேன்," என்றார் சர்வேயர். நான் கீற்றுகளை அறுத்துப் போட்டேன். வேப்பங்கன்றுகள் இடுப்பளவு நின்றன. முதல் கதியாலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மாணிக்கம் உதவிக்கு வந்து குனிந்தவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"துளிர் விட்டுருக்குங்க. வேர் பிடிச்சாச்சு. இதைப் போய் எப்படிங்க பிடுங்குறது?" என்று சர்வேயரைப் பார்த்தார். "எருமை இறங்க நடுவுல நாலு கம்பை மட்டும் எடுத்தாப் போதும். நான் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்." சர்வேயர் பெருமூச்சு விட்டு, வேலி அகற்றப்பட்டது, மரங்கள் உள்ளன என்று எழுதிக்கொண்டு போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோகம் பார்த்துவிடக் கூடாதென்று அறுத்துப் போட்ட கீற்றைப் பொறுக்கினேன்.

இப்போது அங்கே யாரும் குப்பை கொட்டுவதில்லை. எருமைகள் பூவரச நிழலில் படுக்கின்றன. ஊரில் ஐயா விட்டுப்போன வேலியை இப்போது யார் அடைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே மாலையில் கரைக்குப் போனால், கால் தானாக ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் போய் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் வளவு, எந்தப் பக்கம் தெரு என்று இருபுறமும் மாறிமாறிப் பார்க்கிறேன். "உள்ள வாங்க சார்," என்று மாணிக்கம் ஒரு பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்.