ரொட்டிக்காரர் வீடு சேர்ந்தாரா

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டே அந்த ஜாம்பித் தொடரின் கடைசி சீசனைப் பார்த்து முடித்தேன். எப்படி இருந்தது என்று கேட்டால், முடித்துத் தொலைத்தார்கள் என்றுதான் சொல்வேன். பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. புது ஆட்களின் பெயர் மனதில் நிற்கவில்லை. செத்தவர்கள்கூட நடந்து நடந்து அலுத்துப்போயிருந்தார்கள். ஆறிப்போன தே தாரேக் டீயைக் காசு கொடுத்துவிட்டோமே என்று குடிப்போமே, அப்படித்தான் பார்த்தேன். ஆனாலும் கடைசியில் பெயர்கள் ஓடியபோது அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு, இதை யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்கு அந்தத் தொடர் டிவியில் தொடங்கவே இல்லை. தலைவலித் தைலமும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் டீசலும் கலந்த ஒரு வாசனையில் தொடங்கியது. செலண்டாரிலிருந்து புக்கிட் ரம்பாய் ஃபேக்டரிக்கு எங்களை ஏற்றிப்போன வேனின் வாசனை அது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் அந்த சேனலும் இல்லை. கூட வேலை பார்த்த லெட்சுமி அக்கா வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பார்ப்பார், திங்கட்கிழமை காலையில் வேனில் சொல்வார். இங்கிலீஷ் அவருக்குப் பாதிதான் புரியும், மீதியை அவரே போட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு ஃபேக்டரி டாய்லெட்டுக்குக்கூடத் துணைக்கு ஆள் தேடிய பயந்தாங்கொள்ளி நான்.

கதையில் வருகிறவர்களுக்கு எங்கள் வேனில் நாங்கள் வைத்த பெயர்தான். டாக்டரம்மா, சுருட்டை முடி, ரொட்டிக்காரர். ரொட்டிக்கடை வைத்திருந்த கிழவராம், முன்கோபி, வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரே பிடியாக நடப்பவர். அச்சு அசல் எங்கள் டிரைவர் மணியம் அங்கிள்.

"அங்கிள், அது நீங்கதான்லா!" என்று பின்சீட்டிலிருந்து கத்துவோம்.

"வாய மூடிட்டு உக்காருங்க," என்பார். ஆனால் ரொட்டிக்காரர் பேச்சு வந்தால் ரேடியோவைக் குறைத்துவிடுவார்.

இடையில் அங்கிளுக்கு நெஞ்சில் ஆப்ரேஷன் ஆனது. வேறு ஒருவர் வேன் ஓட்டினார். அந்த வாரங்களில் அக்கா கதையே சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று, சட்டைக் கழுத்தில் தையல் தழும்பு தெரிய, அங்கிள் கேட்ட முதல் கேள்வி, "ரொட்டிக்காரன் எப்படி இருக்கான்?"

"அவருக்கு என்ன, நல்லா இருக்காரு. காட்டுப் பக்கம் தனியா போயிருக்காரு, வந்துருவாரு," என்றார் அக்கா.

கல்யாணமாகிப் பெம்பானுக்கு வந்த பிறகு என் வீட்டிலும் அந்த சேனல் வந்தது. முதலிலிருந்து பார்த்தேன். மூன்றாவது சீசனிலேயே ரொட்டிக்காரரைக் கடித்துத் தின்றுவிட்டார்கள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் எங்கள் வேனில் நடந்துகொண்டிருந்தாரே மனுஷன்? அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தெரியும்லா. நெஞ்சப் பொளந்து தைச்சுட்டு வந்து நிக்கிறாரு. அவருகிட்டப் போயி, நீங்க செத்துட்டீங்கன்னா சொல்றது?"

"இப்ப எப்படிக்கா முடிப்பீங்க?"

"கடைசி சீசன் வரட்டும். பத்திரமா வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன்."

கடைசி சீசன் வருவதற்குள் கொரோனா வந்து அக்காவைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் இருக்கிற செலண்டாருக்குப் போய் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பிறகு ஃபேக்டரியை மூடினார்கள், அங்கிள் வேனை விற்றார்.

இன்று காலை அங்கிளிடமிருந்து போன். குரல் மெலிந்துவிட்டது.

"ஏம்மா, அந்தக் கதை முடிஞ்சிருச்சாமே. நம்ம ரொட்டிக்காரன் வீடு போய்ச் சேந்தானா?"

அக்கா சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன். "சேந்துட்டாரு அங்கிள்."

 "கதவ யாரு தொறந்தா?" என்று கேட்டார்.

மனைவி இறந்ததிலிருந்து அங்கிள் வீட்டில் கதவு திறக்க ஆள் கிடையாது.  அக்காவாக இருந்தால், வேன் அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் வீட்டுக்குள் விளக்கைப் போட்டு, அடுப்பில் தண்ணியும் வைத்திருப்பார். எனக்கு ரொட்டிக்காரரை வாசல் வரைதான் கொண்டுபோகத் தெரிந்தது.

"லைன் சரியில்ல போலம்மா," என்று அங்கிளே போனை வைத்துவிட்டார்.