அண்ணனின் டப்பாவில் குறைந்த மாத்திரை

அரசாங்கம் அண்ணனுக்கு இலவசமாகக் கொடுத்த மாத்திரையில் ஒன்றை நான் திருடிச் சாப்பிட்டேன். எனக்கு எந்த நோயும் இல்லை. முதலாம் ஆண்டு நினைவு மலரில் இதையா முதலில் எழுதுவது என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஆந்திராவில் குடுபல்லிக்குப் பக்கத்தில், சொந்த நிலம் இல்லாத வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா, காலமானதும் அண்ணன் எட்டாவதோடு நின்று, என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். பெங்களூரில் கம்பெனிகள் பெருகிய காலத்தில் கிரானைட் பாலிஷ் வேலைக்குப் போனார். அங்கே மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருந்தது; அதை ஓட்டிய அண்ணனுக்கு இல்லை. சில வருஷத்தில் பாதி உடம்பாகத் திரும்பினார். எச்.ஐ.வி. என்றார்கள். எப்படி வந்தது என்று உங்களில் சிலர் என்னிடம் ஜாடையாகக் கேட்டீர்கள். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

தனியாரில் வாங்கிய மருந்துக்கு முதலில் பசு போனது, அப்புறம் அண்ணியின் கம்மல். விற்க எதுவும் மிஞ்சாதபோதுதான், திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

எனக்கு அதிலேயே சந்தேகம். ரேஷன் அரிசியைக் கல் இல்லாமல் போடத் தெரியாதவர்கள், இத்தனை விலை மருந்தை ஏன் சும்மா தருகிறார்கள்? சுண்ணாம்பு மாவா? நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களா? மாதாமாதம் ஊராரிடம் சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணனோடு சித்தூர் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். திரும்பும்போது டப்பாவைக் குலுக்குவேன், மோந்து பார்ப்பேன்.

ஒரு மாதம், அண்ணனுக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. குடித்துவிட்டேன். மதியம் என் ஜெராக்ஸ் கடை சுற்றியது. இரண்டு பிரதி கேட்ட வாத்தியாருக்கு இருபது எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது, மருந்து கொடுக்கும் அம்மா டப்பாவில் மீதி இருந்ததை எண்ணினார். தினமும் தவறாமல் சாப்பிடுகிறோமா என்று பார்க்க அங்கே எப்போதும் எண்ணுவார்கள்.

"ஒகட்டி தக்குவ" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "ஒண்ணு குறையுதே. யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல மேடம். டைமுக்குத் துன்னுக்கினுதான் இருக்கறேன்" என்றார் அண்ணன்.

"அப்போ மாத்திரைக்குக் காலு மொளச்சிடுச்சா? இனிமே வாராவாரம் வந்து வாங்கிக்கினு போ."

வாராவாரம் திருப்பதி என்றால் அண்ணனின் கூலி வேலை போகும். வேலை போனால் பஸ்ஸுக்கு வழியில்லை, மருந்து நின்றுவிடும். தெரிந்தும் நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். பொய் பேசத் தெரியாத அண்ணன் பொய்யராக நின்றார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இவரு யாரு? தம்பியா? இவருதான் திருட்டுத்தனமா துன்றாரா? இவருக்கும் ரத்த டெஸ்ட் எடுக்கணும்."

"நான்தான் மேடம் எடுத்தேன்! மருந்து அசலான்னு பாக்கத்தான்!"

டெஸ்ட் என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது. நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பத்தாவது வரிக்கும் படிக்க வச்சேன் மேடம் இவன" என்றார் அண்ணன்.

வாராவாரம் என்றதை அந்த அம்மா விட்டுவிட்டார்; மாத மருந்து நிற்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "மருந்து வேல செய்யுதான்னு தெரியணுமா? நான் நடந்துக்கினு இருக்கறது கண்ணுக்குத் தெரியலியாடா உனக்கு?"

அதன்பிறகு பல வருஷம் நடந்தார், கல் உடைத்தார், மகளுக்குக் கல்யாணம் செய்தார். போன வருஷம் மாரடைப்பில் போனார். "என் சீக்க மறைக்காத. சும்மா குடுக்கறாங்கன்னு தெரியாம எவனாச்சும் மாட்ட வித்துக்கினு இருப்பான்" என்று அவர் சொன்னதால்தான் எழுதுகிறேன். என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. இப்போது வேறு சந்தேகம்: இந்த இலவச மருந்தை ஒரு நாள் நிறுத்திவிடுவார்களோ?

மருந்து கொடுத்த அந்த அம்மாவுக்கும், மாதம் ஒரு நாள் காரணம் கேட்காமல் லீவு விட்ட மேஸ்திரிக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவரு மாத்திரைய தைரியமா துன்னுட்ட. அவருக்குச் சீக்கு வந்த இத்தினி வருஷத்துல எங்க வூட்டுச் சோத்த ஒரு வாய் துன்னியா நீ?"